மாடிக் கட்டடத்துக்கு ஸ்டான்ட்பைப்பும் ஸ்பிரிங்க்ளரும்: கணக்கை மேல்மாடில இருந்து தொடங்குங்கோ

கொழும்பில பத்துப் பன்னிரண்டு மாடில தொடர்மாடி கட்ட வெளிக்கிடுற ஆக்கள் ஃபயர் சிஸ்டம், அதாவது படிக்கட்டுப் பக்கம் ஏறுற ஃபயர் பைப்பும் (ஸ்டான்ட்பைப்) சூடு பட்டாத் தானாத் திறந்து தண்ணி தெளிக்கிற சீலிங் தலைகளும் (ஸ்பிரிங்க்ளர்), இதுகளைப் பற்றி முதல் கேக்கிற கேள்வி, பம்ப் எத்தின ஹோர்ஸ்பவர், டாங்க் எத்தின லீட்டர், மொத்தம் எவ்வளவு முடியும் எண்டதுதான். கொன்ட்ரக்டரும் போன சைட்டில போட்ட பம்ப் சைஸையே சொல்லி ஒரு விலையும் தந்துடுவார், ஆர்க்கிடெக்ட் பேஸ்மென்டில மிஞ்சின மூலையை டாங்குக்கு எண்டு கீறி விடுவார், பிறகு எஞ்சினியர் வந்து அந்த மூலைக்க எது அடங்குமோ அதுக்கேத்த மாதிரி கணக்கை வளைப்பார். இது முழுக்கத் தலைகீழான வேலை. தண்ணி கடைசியா எங்க போய்ச் சேர வேணும்? பம்பில இருந்து ஆகத் தூரத்தில, ஆக உயரத்தில இருக்கிற அந்த ஒரு வால்வுக்கு. அங்க எவ்வளவு தண்ணி, என்ன பிரஷர் வேணும் எண்டு எழுதிவச்சிட்டு அதில இருந்து கீழ இறங்கி வாங்கோ, பைப் சைஸ், பம்ப், டாங்க் எல்லாம் அதுக்குப் பிறகு தானா விழும்.

நான் எழுதுறது கட்டுற ஓனர்மாருக்கும் புதுசா வேலைக்கு வந்த எம்இபி (கரண்ட், தண்ணி, ஏசி வேலை) பிள்ளைகளுக்கும் மனேஜ்மென்ட் கமிட்டியில மாட்டுப்பட்டு நிக்கிற ஆக்களுக்கும். டிசைன் கையெழுத்து சார்ட்டட் எஞ்சினியர்தான் போட வேணும், ஆனா அவர் மேசையில வைக்கிற பேப்பரை வாசிக்கத் தெரியாட்டி நீங்க வெறும் பில் கட்டுற ஆள்தான்.

எந்தக் கோட்?

முந்தி இக்டாட் எண்டு இருந்த, இப்ப சீடா எண்டு சொல்லுற கட்டுமானத் துறை அரச நிறுவனத்தின்ர ஃபயர் ரெகுலேஷன்ஸ்தான் இஞ்ச அடிப்படை. அதுக்கு மேல யூடிஏ (நகர அபிவிருத்தி அதிகாரசபை) விதிகள், கொழும்பு எல்லைக்குள்ள எண்டா மாநகர சபைத் தீயணைப்புத் திணைக்களத்தின்ர சிபாரிசு. பிளான் பாஸ் பண்ண முதலும் அவங்களிட்டப் போகவேணும், கட்டி முடிஞ்சு சீஓசி எண்ட இணக்கச் சான்றிதழ் எடுக்க முதலும் அவங்க வந்து பாக்கவேணும். ரெண்டாவது தரம் வரேக்க பிழை எண்டு சொன்னா சுவரை உடைக்கிறதுதான் வழி, ஆனபடியா கொன்செப்ட் டிரோயிங் லெவல்லயே ஒருக்காப் போய்க் கதைச்சு, கதைச்சதைக் கடிதத்தில எடுத்து வச்சிருங்கோ.

விவரக் கணக்குக்கு இஞ்ச ஆக்கள் ரெண்டு பக்கம் போவினம். ஒண்டு அமெரிக்கன் பக்கம், அங்கத்தைய தீப்பாதுகாப்புச் சங்கம் என்எஃப்பிஏயின்ர கோட்: ஸ்டான்ட்பைப்புக்கு என்எஃப்பிஏ 14, ஸ்பிரிங்க்ளருக்கு என்எஃப்பிஏ 13, பம்புக்கு என்எஃப்பிஏ 20. மற்றது பிரிட்டிஷ் பக்கம், ரைசருக்கு பிஎஸ் 9990, ஸ்பிரிங்க்ளருக்கு பிஎஸ் ஈஎன் 12845. ரெண்டுமே நல்லதுதான், ஆனா ஒண்டை எடுத்தா அதிலயே கடைசி வரைக்கும் நில்லுங்கோ. தண்ணி அடர்த்தியை (சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு எத்தின லீட்டர்) பிரிட்டிஷ் புத்தகத்தில இருந்தும் பரப்பளவை அமெரிக்கன் புத்தகத்தில இருந்தும் எது குறைவோ அதைப் பொறுக்கி எடுத்து டாங்கைச் சின்னதாக்குற கெட்டித்தனம் கனபேரிட்ட இருக்கு. எந்தப் புத்தகத்தின்ர படியும் அது பாஸ் இல்ல. நான் கீழ என்எஃப்பிஏ எண்ணிக்கைகளை வச்சுத்தான் சொல்லப்போறன், தேவையான இடத்தில மட்டும் பிரிட்டிஷ் கதை வரும். சீடா விதி எங்கயாவது கூடக் கேட்டா அதுதான் நிக்கும்.

ஸ்டான்ட்பைப் பக்கம்

ஸ்டான்ட்பைப் எண்டா படிக்கட்டுப் பக்கம் நெட்டுக்கு ஏறிப்போற சிவப்பு பைப், ஒவ்வொரு மாடியிலயும் ஒரு வால்வு, இஞ்ச சைட்டில எல்லாரும் ரைசர் எண்டுதான் சொல்லுவினம். என்எஃப்பிஏ இதை மூண்டு வகையாப் பிரிக்குது. கிளாஸ் 1 ஃபயர் பிரிகேட் ஆக்களுக்கான 65 மில்லிமீட்டர் வால்வு, கிளாஸ் 2 சின்ன 38 மில்லிமீட்டர் ஹோஸ், கிளாஸ் 3 ரெண்டும் சேர்ந்தது. நம்மட ஃப்ளாட்டுகளில சுவரில தொங்குற ஹோஸ் ரீல் இதுக்க வராது. அது ஆரம்பத்தில சின்ன நெருப்பை அங்க இருக்கிற ஆளே அணைக்கிறதுக்கு, ஹோஸ் ரீல் இருக்குத்தானே பிறகென்ன ரைசர் எண்டு கேக்கிற ஓனருக்கு இதைப் பொறுமையாச் சொல்லிக் குடுங்கோ.

பைப்புக்க எப்பவும் தண்ணி நிக்கிறது வெட், வெறுமையா இருந்து ஃபயர் என்ஜின் வந்து பம்ப் பண்ணுறது டிரை. பிரிட்டிஷ் முறையில 18 மீட்டர் தாண்டினா டிரை ரைசராவது வேணும், 50 மீட்டர் தாண்டினா வெட் கட்டாயம். என்ர கருத்தைக் கேட்டா, கொழும்பில 50 வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ. டிரை ரைசர் எண்டா முழுக்க முழுக்க ஃபயர் என்ஜின் வந்து சேருறதைத்தான் நம்பி இருக்கு, வெள்ளவத்தையில காலி வீதில இருந்து கடற்கரைக்கு இறங்குற ஒழுங்கைகளில பின்னேரம் ஆறு மணிக்கு நிண்டு பாத்தீங்க எண்டா நான் சொல்லுறது விளங்கும். எப்பிடியும் ஸ்பிரிங்க்ளருக்கு பம்பும் டாங்கும் போடத்தானே போறீங்க, அதே பைப்பில ரைசரையும் சேத்தா கொம்பைன்ட் சிஸ்டம், செலவு வித்தியாசம் நீங்க பயப்பிடுற அளவுக்கு வராது.

இனி எண்ணிக்கை. ஆகத் தூரத்து ரைசரில நிமிஷத்துக்கு 500 கலன், அதாவது 1893 லீட்டர், அதை மேல் வால்வு ரெண்டிலயும் 250 கலன் 250 கலனா எடுக்கிற மாதிரிக் கணக்கு. மற்ற ஒவ்வொரு ரைசருக்கும் 250 கலன், 946 லீட்டர், கூட்டிக்கொண்டு போக வேணும், முழுக் கட்டடத்துக்கும் ஸ்பிரிங்க்ளர் இருந்தா 1000 கலனோட நிப்பாட்டலாம், இல்லாட்டி 1250 வரைக்கும் போகும். இந்தத் தண்ணி ஓடிக்கொண்டு இருக்கேக்க மேல் வால்வில மிச்சம் இருக்கிற பிரஷர் 100 பிஎஸ்ஐ, 6.9 பார், அதுக்குக் குறையக் கூடாது. இது 30 நிமிஷத்துக்கு நிண்டுபிடிக்க வேணும். பிரிட்டிஷ் வெட் ரைசர் எண்டா மேல நிமிஷத்துக்கு 1500 லீட்டர், 8 பார், 45 நிமிஷம்.

வால்வு வைக்கிற இடம் வெளியேறுற படிக்கட்டின்ர மெயின் லாண்டிங், நிலத்தில இருந்து 0.9 முதல் 1.5 மீட்டர் உயரத்துக்க. ஃபயர் ஆக்கள் நெருப்புக்குக் கீழ் மாடியில ஹோஸைக் கொழுவிக்கொண்டு படியால ஏறித்தான் வருவினம், ஆனபடியா அது படிக்கட்டுக் கூண்டுக்குள்ள இருக்கவேணும், கொரிடோர் நடுவில அழகான கண்ணாடிப் பெட்டிக்க வச்சுப் பிரயோசனம் இல்ல. பைப் குறைஞ்சது 100 மில்லிமீட்டர், கொம்பைன்ட் எண்டா 150 போடுங்கோ. முழு ஸ்பிரிங்க்ளர் கட்டடத்துக்குக் கணக்குக் காட்டினா 100 போதும் எண்டு கோடே விடுது, ஆனா ஒரே அளவு தண்ணி 100 பைப்பில ஓடேக்க 150 ஐ விட ஏழு மடங்கு கிட்ட ஃபிரிக்‌ஷன் கூட. பைப்பில மிச்சம் பிடிக்கிற காசைப் பிறகு பம்பில கட்டுவீங்க.

கப்ளிங் விஷயம் ஒண்டு. அமெரிக்கன் கட்டலாக்கைப் பாத்து வால்வு இறக்கினா அதோட அமெரிக்கன் திரெட் வரும். எங்கட ஃபயர் பிரிகேட் கொண்டு வாற ஹோஸ் அதில கொழுவாட்டி நீங்க செலவழிச்ச முழுக் காசும் சுவர் அலங்காரம். ஓடர் குடுக்க முதல் ஒரு சாம்பிள் வால்வைக் கையில கொண்டுபோய் அவங்கட ஹோஸ் ஒண்டில கொழுவிப் பாருங்கோ.

கீழ் மாடிகளில பிரஷர் கூடிற பிரச்சினை

இதைத்தான் கனபேர் மறக்கிறவை. உதாரணத்துக்கு ஒரு கட்டடம் எடுப்பம்: 12 மாடி, ரெண்டு படிக்கட்டு, கீழ ரெண்டு பேஸ்மென்ட் கார் பார்க், பம்ப் ரூமில இருந்து மேல் வால்வு வரைக்கும் 46 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 1 பார் எண்டு 46 மீட்டருக்கு 4.5 பார். மேல வேணுமெண்டது 6.9. பைப், எல்போ, வால்வுகளில போறது 1 பார் எண்டு வைப்பம். கூட்டினா 12.4 பார், 180 பிஎஸ்ஐ. ரைசர் ரெண்டு எண்டபடியா ஃப்ளோ 500 உம் 250 உம், 750 கலன். அப்ப பம்ப் 750 ஜிபிஎம் (நிமிஷத்துக்குக் கலன்), 180 பிஎஸ்ஐ. ஹோர்ஸ்பவர் கேள்விக்கு மறுமொழி இப்பதான் வருது: 90 முதல் 110 கிலோவாட் வரைக்கும் மோட்டர் ஒண்டு.

இப்ப அதே பம்ப், மேல ஒருத்தரும் வால்வு திறக்காம சும்மா ஓடினா பிரஷர் இன்னும் ஏறும், 20 சதவீதம் கூடினா 14.9 பார். பேஸ்மென்ட் வால்வில அது அப்பிடியே வந்து நிக்கும். 65 மில்லிமீட்டர் வால்வில 175 பிஎஸ்ஐ, 12.1 பார் தாண்டினா பிரஷர் குறைக்கிற வால்வு போட வேணும் எண்டு கோட் சொல்லுது, ஏனெண்டா அதுக்கு மேல ஹோஸைப் பிடிச்சு நிக்கிற மனிசர் தூக்கி எறியப்படுவார். அப்ப கீழ் மாடிகளுக்கு அந்த வால்வு, அதாவது பிஆர்வி, தேவை. எந்த மாடில தொடங்கி எந்த மாடி வரைக்கும், ஒவ்வொண்டுக்கும் என்ன செட்டிங், எல்லாம் ஒரு டேபிளா டிரோயிங்கில இருக்க வேணும்.

செட்டிங்கைப் பிழையா விட்டா என்ன நடக்கும் எண்டதுக்குச் சரித்திரமே இருக்கு. அமெரிக்காவில ஃபிலடெல்ஃபியாவில வன் மெரிடியன் பிளாசா எண்டு 38 மாடிக் கட்டடம். 1991 பெப்ரவரி 23, 22ஆம் மாடியில லின்சீட் எண்ணெய் ஊறின துணிகளில இருந்து நெருப்புத் தொடங்கினது. ஃபயர் ஆக்கள் ரைசரில ஹோஸைக் கொழுவினா தண்ணி பிரயோசனமாப் பாயேல்ல, பிஆர்வி எல்லாம் குறைவா செட் பண்ணிக் கிடந்திருக்கு. மூண்டு தீயணைப்பு வீரர் செத்துப்போச்சினம், நெருப்பு மாடி மாடியா ஏறிச்சு. கடைசில அதை நிப்பாட்டினது 30ஆம் மாடியில இருந்த ஸ்பிரிங்க்ளர், பத்தே பத்துத் தலை. அதுக்குப் பிறகுதான் என்எஃப்பிஏ 14 இன்ர 1993 பதிப்பில மேல் வால்வுப் பிரஷரை 65 இல இருந்து 100 பிஎஸ்ஐ ஆக்கினவை. இந்த 100 எங்க இருந்து வந்தது எண்டு தெரிஞ்ச எஞ்சினியர் அதை 80 ஆக்கலாமே எண்டு ஒருநாளும் கேக்க மாட்டார்.

பிஆர்வி போட்டா பக்கத்தில 75 மில்லிமீட்டர் டிரெயின் பைப் ஒண்டும் நெட்டுக்குப் போக வேணும், இல்லாட்டி அந்த வால்வை ஃப்ளோ டெஸ்ட் பண்ண வழியில்ல, டெஸ்ட் பண்ணின தண்ணியை லிஃப்ட் ஷாஃப்டுக்கயா விடுறது? டக்ட் அளவு கீறேக்கயே இந்தப் பைப்புக்கு இடம் விட்டுடுங்கோ, பிறகு வாசிக்கிற ஒருத்தருக்கும் அது ஞாபகம் வராது.

நீங்க கட்டுறது உண்மையிலயே உயரம் எண்டா கதை வேற. 240 மீட்டர், கொழும்பு அல்டேர் கோபுர அளவு உயரத்துக்குக் கீழ இருந்து ஒரே நெட்டுக்குத் தண்ணி நிரப்பினா சும்மா நிக்கிற தண்ணியின்ர பாரமே 23.5 பார் வரும், அதுக்கு மேல பம்ப் பிரஷர் வேற. ஆனபடியா சோன் சோனாப் பிரிச்சு இடையில டாங்கும் பம்பும் வைக்க வேணும். அது தனிப் படிப்பு, இஞ்ச விடுவம்.

ஸ்பிரிங்க்ளர் பக்கம்

முதல் முடிவு, எந்த இடம் என்ன ஹஸார்ட் (நெருப்பு அபாய வகுப்பு). ஃப்ளாட், ஒஃபிஸ் எல்லாம் லைட் ஹஸார்ட்: சதுர மீட்டருக்கு நிமிஷத்துக்கு 4.1 லீட்டர், 139 சதுர மீட்டருக்குக் கணக்கு. ஹோட்டல் குசினி, லோண்டரி மாதிரி இடங்கள் ஓர்டினரி 1, அதுக்கு 6.1 லீட்டர். கடை, மோல் எல்லாம் ஓர்டினரி 2, 8.1 லீட்டர். பிறகு எக்ஸ்ட்ரா ஹஸார்ட், 12 லீட்டருக்கு மேல, 232 சதுர மீட்டர். கார் பார்க்கைப் பற்றி ஒரு முக்கியமான மாற்றம்: முந்தி ஓர்டினரி 1 இல இருந்ததை 2022 பதிப்பில ஓர்டினரி 2 ஆக்கியாச்சு, இப்பத்தைய காரில பிளாஸ்டிக் கூட, நெருப்பு ஒரு காரில இருந்து மற்றதுக்குத் தாவுற வேகமும் கூட. பழைய ஸ்பெக்கைக் கொப்பி பண்ணித் தாற ஆக்களிட்ட எந்த வருஷப் பதிப்பு எண்டு கேளுங்கோ.

புறக்கோட்டைப் பக்கம் கடைக்கட்டடம் எண்டா இன்னும் கவனம். டிரோயிங்கில கடை எண்டுதான் இருக்கும், ஆனா மேல் மாடியில துணி பண்டல் சீலிங் முட்ட அடுக்கிக் கிடக்கும். சாமான் 3.7 மீட்டருக்கு மேல அடுக்கினா அது ஸ்டோரேஜ் எண்டு வேற அதிகாரத்துக்குள்ள போயிடும், தண்ணித் தேவை பல மடங்கு. பாவிக்கப்போற ஆளிட்ட நேர கேட்டுத்தான் ஹஸார்ட் போட வேணும். பதிவுப் பேப்பரை நம்பிப் போடாதேங்கோ.

தலைகளுக்கு இடையில தூரம்: லைட்டிலயும் ஓர்டினரியிலயும் கூடினது 4.6 மீட்டர், குறைஞ்சது 1.8 மீட்டர். அதுக்கும் கிட்ட வச்சா ஒரு தலையின்ர தண்ணி மற்றத் தலையைக் குளிராக்கி அது வெடிக்காமலே இருந்துடும். சுவரில இருந்து அந்தத் தூரத்தின்ர பாதிக்கு மேல போகக் கூடாது. ஒரு தலை மூடுற பரப்பு லைட்டில 20.9 சதுர மீட்டர், ஓர்டினரியில 12.1. டிஃப்ளெக்டர், அதாவது தலையில தண்ணியைச் சிதறடிக்கிற தட்டு, சீலிங்கில இருந்து 25 முதல் 300 மில்லிமீட்டருக்க, கீழ சாமான்களுக்கு மேல 457 மில்லிமீட்டர் வெறும் இடம். பேஸ்மென்டில ஏசி டக்டும் கேபிள் ட்ரேயும் பீமும் போற இடத்தில இந்த விதி எல்லாம் சண்டை பிடிக்கும், ஆனபடியா கோஓர்டினேஷன் டிரோயிங் முடியாம ஒரு பைப்பும் தூக்க விடாதேங்கோ. 1.2 மீட்டருக்கு மேல அகலமான டக்ட் எண்டா அதுக்குக் கீழயும் தலை வேணும்.

தலையை அடைச்சு வச்சிருக்கிற, சூட்டில வெடிக்கிற கண்ணாடி பல்பின்ர கலர் தெரிஞ்சு வச்சிருங்கோ: ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93. சாதாரண அறைக்கு சிவப்பு. ஆனா சீலிங் பக்கம் 38 டிகிரிக்கு மேல போற இடத்துக்கு சிவப்புப் போடக் கூடாது. எங்கட வெயிலுக்கு மொட்டைமாடியில தகரக் கூரை போட்ட ஜிம், ஹோல் எல்லாம் சித்திரை மாசத்தில அந்த 38ஐச் சும்மா தாண்டும், அங்க 79 அல்லது 93 போடுங்கோ. குசினி அடுப்புக்கு மேலயும் அப்பிடித்தான்.

ஒரு தலையில இருந்து வாற தண்ணி எண்டது கே ஃபேக்டரை (தலையின்ர துவாரத்துக்கு ஏத்த எண்) பிரஷரின்ர வர்க்கமூலத்தால பெருக்கினது. கார் பார்க்கில ஒரு தலை 12 சதுர மீட்டர் மூடுது எண்டா 8.1 ஆல பெருக்க 97 லீட்டர், கே 80 தலைக்கு அது வெளிய வர 1.5 பார் பிரஷர் வேணும். கோட் சொல்லுற ஆகக் குறைஞ்ச 0.5 பாரை மட்டும் குடுத்தா 57 லீட்டர்தான் வரும், கணக்கில பாதிக்குக் கொஞ்சம் மேல. மினிமம் பிரஷர் ஓகே சேர் எண்டு சொல்லுற ரிப்போர்ட் வந்தா இந்த ஒரு பெருக்கலைச் செய்து பாருங்கோ, கல்குலேட்டர் போதும்.

ஒவ்வொரு மாடிக்கும் ரைசரில இருந்து பிரியுற இடத்தில கன்ட்ரோல் வால்வு, செக் வால்வு, ஃப்ளோ சுவிட்ச், கேஜ், டெஸ்ட் அண்ட் டிரெயின் எல்லாம் ஒரு செட்டா வேணும். வால்வைப் பூட்டி விட்டா அலார்ம் பனலில காட்டுற டம்பர் சுவிட்சும் வேணும். எட்டாம் மாடியில ஒருத்தர் பாத்ரூம் உடைச்சுக் கட்டுறார் எண்டு அந்த மாடியை மட்டும் பூட்டலாம், மற்ற மாடி எல்லாம் பாதுகாப்பா இருக்கும், பூட்டினதைத் திறக்க மறந்தா பனல் கத்தும்.

டாங்க்

இப்ப அதே 12 மாடிக்கு வருவம். ஸ்டான்ட்பைப் கணக்கு: 750 கலன், 30 நிமிஷம், 85 கனமீட்டர். ஃப்ளாட் ஸ்பிரிங்க்ளர் கணக்கு லைட் எண்டபடியா ஃபயர் ஆக்களின்ர ஹோஸுக்கு நிமிஷத்துக்கு 100 கலன் சேத்தாலும் அரை மணித்தியாலத்துக்கு 30 கனமீட்டர் அளவிலதான் நிக்கும். கார் பார்க்: 8.1 ஐ 139 ஆல பெருக்கினா 1126 லீட்டர், பம்புக்குக் கிட்ட இருக்கிற தலைகளில பிரஷர் கூட எண்டு கூடப் பாயிறதுக்கு 15, 20 சதவீதம் சேத்து 1330, ஹோஸுக்கு 950, மொத்தம் நிமிஷத்துக்கு 2280 லீட்டர். ஒரு மணித்தியாலத்துக்கு 137 கனமீட்டர். பாத்தீங்களா, டாங்க் சைஸைத் தீர்மானிச்சது மேல இருக்கிற வீடுகள் இல்ல, கீழ இருக்கிற கார் பார்க். ஃப்ளோ அலார்ம் 24 மணித்தியாலமும் ஆள் இருந்து பாக்கிற ஒரு மொனிட்டரிங் இடத்துக்குப் போகாட்டி கோட் 90 நிமிஷம் கேக்கும், அப்ப 205. மொனிட்டரிங் இணைப்பு எடுக்கிற செலவையும் 68 கனமீட்டர் கூடின டாங்கின்ர கொங்கிரீட்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தா எது மலிவு எண்டு நான் சொல்லத் தேவையில்ல. 137 எண்டா 8 மீட்டர், 6 மீட்டர், 3 மீட்டர் தண்ணி ஆழத்தில கிட்டத்தட்ட அடங்கும், அடியில பம்ப் உறிஞ்ச முடியாத தண்ணியைக் கணக்கில எடுக்கக் கூடாது. வெளி ஹோஸுக்கான பங்கை ரோட்டு மெயினில இருந்து எடுக்கலாம் எண்டு கழிச்சுவிடுற டிசைனும் இருக்கு, மோட்டர் போடாம ரெண்டாம் மாடிக்குத் தண்ணி ஏறாத ரோட்டில இருந்துகொண்டு அதை நம்ப எனக்கு மனம் வராது.

வீட்டுப் பாவனைத் தண்ணியும் ஃபயர் தண்ணியும் ஒரே டாங்கில வைக்கிறது இஞ்ச வழமை, தண்ணி பழுதாகாது எண்ட நன்மையும் இருக்கு. ஆனா வீட்டுப் பம்பின்ர சக்‌ஷன் பைப் ஃபயர் ரிசர்வ் மட்டத்துக்கு மேல சுவரைத் துளைச்சு வெளிய போக வேணும். ஃப்ளோட் சுவிட்சை நம்பி ரெண்டையும் அடியில வைக்கக் கூடாது. தண்ணி வெட்டுற நாளில செக்யூரிட்டி அண்ணை அந்த சுவிட்சை பைபாஸ் பண்ணத்தான் போறார், எல்லாரும் குளிக்க வேணுமே.

மொட்டைமாடி டாங்கை மட்டும் நம்பிற டிசைன்களையும் பாத்திருப்பீங்க. மேல் மாடி வால்வுக்கு 3 மீட்டர் மேல டாங்க் எண்டா அங்க பிரஷர் 0.3 பார். பூச்செடிக்கு ஊத்தலாம்.

பம்ப் ரூம்

ஒரு மெயின் எலெக்ட்ரிக் பம்ப், ஒரு டீசல் பம்ப், சின்ன ஜொக்கி பம்ப் ஒண்டு, இதுதான் வழமை. ஜொக்கி இல்லாட்டி சின்னக் கசிவுக்கெல்லாம் பெரிய பம்ப் ஓடி ஓடி நிக்கும். ஃபயர் பம்ப் வாங்கேக்க அதின்ர கேர்வை (எந்த ஃப்ளோவுக்கு எவ்வளவு பிரஷர் எண்ட வரைபு) பாருங்கோ: 150 சதவீத ஃப்ளோவில பிரஷர் 65 சதவீதத்துக்குக் கீழ விழக் கூடாது, வால்வு பூட்டி ஓடேக்க 140 சதவீதத்துக்கு மேல ஏறக் கூடாது. சாதாரண தண்ணிப் பம்பில ஃபயர் எண்டு சிவப்பு பெயின்ட் அடிச்சுத் தாற வேலையும் சந்தையில நடக்குது, லிஸ்டிங் சர்டிஃபிகேட்டும் ஃபேக்டரி டெஸ்ட் கேர்வும் கையில வராமக் காசு குடுக்காதேங்கோ.

பம்ப் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்க வேணும், மேல இருந்து உறிஞ்சுற மாதிரி வைக்கக் கூடாது. சக்‌ஷன் பக்கம் ரெடியூசர் எசென்ட்ரிக், தட்டைப் பக்கம் மேல, இல்லாட்டி காத்து நிண்டு பம்ப் தடுமாறும்.

கரண்ட் விஷயம் எங்களுக்குத் தனியாச் சொல்லத் தேவையில்ல. 2022 இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டின காலத்தில டீசலுக்கும் கியூ. ஜெனரேட்டர் இருக்கு, டீசல் பம்ப் தேவையில்ல எண்டு சொல்லுறவை ரெண்டு விஷயம் காட்ட வேணும்: 100 கிலோவாட் மோட்டரை ஸ்டார்ட் பண்ணுற சுமையை அந்த ஜெனரேட்டர் தாங்குமா, அந்த நேரம் லிஃப்டும் மற்ற லோடும் என்னாகும். டீசல் பம்ப் எண்டா அதுக்கு எண்டு தனி டாங்க், கிலோவாட்டுக்கு 5 லீட்டர் கணக்கு, 100 கிலோவாட் எஞ்சினுக்கு 500 லீட்டர். அதில இருந்து ஜெனரேட்டருக்கு ஒரு பைப்பும் எடுக்கக் கூடாது. எலெக்ட்ரிக் பம்பின்ர சப்ளை கட்டடத்தின்ர மெயின் பிரேக்கருக்கு முன்னால பிரிய வேணும், ஃபயர் ஆக்கள் வந்து கட்டடத்தின்ர கரண்டை வெட்டேக்க பம்பும் சேந்து நிண்டா என்ன பிரயோசனம். பம்ப் தானா ஸ்டார்ட் ஆக வேணும், நிப்பாட்டுறது கையாலதான்.

பிறகு வெள்ளம். கொழும்பில கட்டுறவை பம்ப் ரூமை ஆகக் கீழ் பேஸ்மென்டில தள்ளிவிடுறது வழமை. மழை ஒரு நாள் கொட்டினா ரேம்ப் வழியா இறங்கிற தண்ணி எங்க போய் நிக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. ரூம் வாசலில வரம்பு, பனலை உயரத்தில, சம்ப் பம்ப் ரெண்டு, அதுக்கும் ஜெனரேட்டர் சப்ளை. முடிஞ்சா பம்ப் ரூமை மேல் பேஸ்மென்டிலயே வச்சு டாங்கை அதோட சேத்துக் கட்டுங்கோ, வெளிய இருந்து நேர வரக்கூடிய வாசலோட.

ரோட்டுப் பக்கம்

ஃபயர் என்ஜின் வந்து தங்கட பம்பால தண்ணி ஏத்திற இன்லெட்டை ரோட்டில இருந்து தெரியிற இடத்தில வையுங்கோ. ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பின்னாலயோ கார் பார்க் பண்ணுற சுவரிலயோ வைக்கக் கூடாது. வாகனம் நிக்கிற இடத்தில இருந்து 18 மீட்டருக்க எண்டது பிரிட்டிஷ் கணக்கு, ரோட்டோர ஃபயர் ஹைட்ரன்டில இருந்து 30 மீட்டருக்க எண்டது அமெரிக்கன் கணக்கு, ரெண்டையும் நிறைவேத்தினா நல்லது. ஒழுங்கை 3.7 மீட்டர் அகலம், கேட் 3.1 மீட்டர் எண்ட பிரிட்டிஷ் அளவை டேப்போட போய் அளவுங்கோ, அதுவும் பின்னேரம், வாகனங்கள் நிக்கேக்க. கேட்டுக்கு மேல அழகுக்குப் போட்ட கொங்கிரீட் ஆர்ச் எண்டா அதின்ர உயரத்தையும் பாருங்கோ.

கடற்கரைப் பக்கம் எண்டா வெளிப் பைப் கல்வனைஸ்டா இருக்கட்டும்; நட், போல்ட், பிராக்கெட் எல்லாம் உப்புக்காத்தில கெதியா அரிக்கும். சிஸ்டத்தை முதல்தரம் நிரப்பக் கிணத்துத் தண்ணி வேண்டாம், வெள்ளவத்தை பம்பலப்பிட்டிக் கிணறுகள் கனக்க உவர், உள்ளுக்க துருப்பிடிக்கிறது முதல் நாளே தொடங்கிடும்.

பாரமெடுக்கேக்க

பைப்புகளைத் தண்ணியால நிரப்பிச் செய்யிற பிரஷர் டெஸ்டில (ஹைட்ரோ டெஸ்ட்) 200 பிஎஸ்ஐ, 13.8 பாரில ரெண்டு மணித்தியாலம் நிக்க வேணும், சிஸ்டத்தின்ர கூடின பிரஷர் 150 பிஎஸ்ஐக்கு மேல எண்டா அதுக்கு 50 கூட்டி டெஸ்ட். எங்கட உதாரணத்தில 14.9 பார் எண்டது 216 பிஎஸ்ஐ, அப்ப 266 இல டெஸ்ட். சீலிங் மூட முதல் இதைச் செய்யுங்கோ. ஆனா ஹைட்ரோ டெஸ்ட் லீக் இல்ல எண்டதை மட்டும்தான் காட்டும், தண்ணி போதுமா எண்டதைக் காட்டாது. அதுக்கு மொட்டைமாடியில ஹோஸைக் கொழுவி, பாயிற தண்ணியை அளக்கிற பிட்டோ கேஜ் பிடிச்சு, 500 கலன் ஓடேக்க 100 பிஎஸ்ஐ நிக்குதா எண்டு கண்ணால பாக்க வேணும். மெயின் கரண்டை வெட்டிட்டு டீசல் பம்பிலயும் அதே டெஸ்ட். பிறகு பிஆர்வி ஒவ்வொண்டா, டேபிளில உள்ள எண்ணும் கேஜில உள்ள எண்ணும் பக்கத்தில பக்கத்தில எழுதி. கொன்ட்ரக்டர் நேரமில்ல எண்டுவார், ரிடென்ஷன் காசு (வேலை சரியா முடியும் வரைக்கும் பிடிச்சு வைக்கிற பங்கு) உங்கட கையில இருக்கிற வரைக்கும் அவருக்கு நேரம் வரும்.

பெயின்ட் அடிக்கிற ஆக்கள் போன பிறகு ஒவ்வொரு தலையையும் போய்ப் பாருங்கோ. பெயின்ட் பட்ட தலையைத் துடைக்கிறது எண்டு ஒண்டு இல்ல, மாத்தத்தான் வேணும். சீலிங்கோட சேந்த மூடி உள்ள தலைகளில அந்த மூடியைச் சுத்திப் பூசி ஒட்டி விட்டிருப்பாங்க, அது விழாது. பம்ப் ரூமில ஸ்பெயார் தலைப் பெட்டி ஒண்டும் அதுக்கான ஸ்பானரும் இருக்க வேணும், 300க்குக் குறைவான தலை எண்டா 6, ஆயிரம் வரைக்கும் 12, அதுக்கு மேல 24, கட்டடத்தில பாவிச்ச எல்லா வகையும் அதுக்க இருக்க வேணும். டீசல் பம்பைக் கிழமைக்கு ஒருக்கா 30 நிமிஷம் ஓடவிட்டு லொக் புத்தகத்தில எழுதிற வேலையை ஒரு ஆளின்ர பேரில குடுங்கோ, அந்தப் புத்தகத்தின்ர முதல் பக்கத்தில 110 எண்டும் பம்ப் சேர்விஸ் ஆளின்ர நம்பரும் பெரிசா எழுதி, பிஆர்வி டேபிளின்ர கொப்பி ஒண்டை லமினேட் பண்ணி சுவரில அடிச்சுவிடுங்கோ.